ஸ்டோர் ரூமுக்கு எதற்கு ஜன்னல்

கடை,
ஜனவரி 9

அன்பு மகளுக்கு,

சித்தப்பா எழுதுகிறேன். உன் அம்மா சுகம், உன் அப்பா சுகம், நான் அமோகம். கடையில் வீட்டுப் பிளான் பிரிண்ட் போடுகிற பிளாட்டர் மெஷினுக்குத்தான் இரண்டு நாளாகச் சளி. கறுப்பு மை மூக்கில் அடைத்துக்கொண்டு கோடெல்லாம் விட்டுவிட்டு வந்தது. வெந்நீரில் துணியை நனைத்து ஒற்றி எடுத்தேன், குணமாகிவிட்டது. கம்பெனிக்காரன் வந்திருந்தால் மூன்று நாள் படுக்கையில் போட்டிருப்பான். நான் அதை மாப்பிள்ளை என்று கூப்பிடுவது உனக்குத் தெரியும். அவ்வப்போது முறுக்கிக்கொள்ளும், தட்டிக்கொடுத்தால் வேலை செய்யும். இந்த ஊரில் அதைத் தட்டிக்கொடுக்கத் தெரிந்த ஒரே கை என்னுடையது. பெரிய எஞ்சினியர்களெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்று பார்க்கிறார்கள்.

கடிதம் ஏன் நாலு விரல் அகலமும் மூன்றடி நீளமுமாக இருக்கிறது என்று கேட்பாய். ரோலில் பிரிண்ட் போட்டு வெட்டியபின் மிஞ்சும் ஓரம் இது. தூக்கிப்போட மனசு வரவில்லை. மெயிலில் எழுதலாமே என்றும் கேட்பாய். நம் கடைக் கம்ப்யூட்டரின் முகம் கஸ்டமர் பக்கம் பார்த்து இருக்கிறது. நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் வரிசையில் நிற்கிற நாலு பேர் உன் மெயிலைப் படித்துக் கருத்தும் சொல்லிவிடுகிறார்கள். அந்த நாலு பேரில் ஒருவர் பெரும்பாலும் உன் அப்பா. ஆகவே டிராயிங் மெயிலில் வரட்டும், பேச்சு தபாலில் வரட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். அண்ணன் கடைசியில் வீடு கட்டப்போகிறார். நாற்பது வருஷமாக ஊருக்கெல்லாம் வீடு கட்டிய மேஸ்திரி, வாடகை வீட்டில் ஆணி அடிக்க ஓனரிடம் அனுமதி கேட்டது போதும் என்று முடிவுக்கு வந்துவிட்டார். மார்ச் பத்தாம் தேதி அஸ்திவாரம். மழைக்கு முன்னால் கூரை.

"பிளான் யாரு போடறது?" என்றேன்.

"எல்லாம் என் தலைக்குள்ள இருக்கு."

"தலைக்குள்ள இருக்கிறதை மாப்பிள்ளையால பிரிண்ட் போட முடியாதே அண்ணே. உங்க பொண்ணு இதுக்குன்னே படிச்சிருக்கா."

"படிச்சவதான். எனக்கே படிக்கட்டுப் பாடம் எடுத்தவளாச்சே."

போன தடவை நீ வந்திருந்தபோது அவர் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்குப் போய், கீழ்ப்படி மட்டும் இரண்டு அங்குலம் உயரம், எல்லாப் படியும் சமமாக இருக்க வேண்டும், இது தப்பு என்று எட்டு வேலையாட்கள் முன்னால் சொன்னாயே, அது இன்னும் அவர் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. நீ போன் செய்தால் அவர் "சாப்பிட்டியா" என்பதும், நீ "ஆச்சு" என்பதும், "சரி, வை" என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. ஏழு மாதமாக ஒரு வார்த்தை கூடவில்லை.

நான் விடுவேனா. இரண்டு மணி நேரம் வாதாடினேன், வக்கீல் தோற்றுப்போவான். முடிவில் "காட்டு, பார்க்கலாம்" என்றார். அதைச் சம்மதம் என்றே வைத்துக்கொள். நீ வரைந்து அனுப்பு. பிரிண்ட் போட்டு அவர் கையில் கொடுத்துக் கட்ட வைப்பது என் பொறுப்பு.

இப்படிக்கு,
உன் சித்தப்பா


ஜனவரி 17

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் மூன்றடிக் கடிதம் தானாகச் சுருட்டிக்கொண்டே இருந்தது. ஆபீஸ் மேஜையில் நாலு மூலைக்கும் கனமாக எதையாவது வைத்துத்தான் படித்து முடித்தேன். பக்கத்து மேஜைக்காரி இது என்ன கோயில் சாசனமா என்று கேட்டாள். எங்கள் சித்தப்பா என்றேன்.

நீங்கள் வாதாடியது இரண்டு மணி நேரமா? அம்மா போனில் பத்து நிமிஷம் என்றாள். பரவாயில்லை, நன்றி.

இங்கே இரண்டு வருஷமாக நான் வரைவதெல்லாம் அடுத்தவர் கட்டடங்களின் கழிப்பறையும் கார் நிறுத்துமிடமும்தான். முழுசாக ஒரு வீடு என்று வரைவது இதுதான் முதல். நாலைந்து நாளில் முடித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள், மூன்று வருஷமாக மனசில் வரைந்து வைத்திருந்தேன். அப்பா இதைக் கட்டினால் என்னோடு பேசிவிட்டார் என்று எடுத்துக்கொள்வேன். கட்டாவிட்டால் எங்கள் இரண்டு பேருக்கும் "சாப்பிட்டியா"தான் மிஞ்சும். அதனால் தயவுசெய்து இதை மட்டும் கவனமாகப் பிரிண்ட் போடுங்கள்.

கம்ப்யூட்டர் திரையில் பல நிறத்தில் கோடுகள் தெரியும். அது அழகுக்கு இல்லை. ஒவ்வொரு நிறமும் ஒரு பேனா. வெள்ளை என்றால் தடித்த பேனா, சுவர். மஞ்சள் என்றால் நடுத்தரம், கதவு. சிவப்பு என்றால் மெல்லியது, அளவுகள். எந்த நிறம் எந்தப் பேனா, எல்லாமே கறுப்பு மையில் வர வேண்டும் என்பதை ஒரு சின்ன ஃபைலில் எழுதி டிராயிங்கோடு அனுப்பியிருக்கிறேன். பிரிண்ட் கொடுக்கும் முன் அந்தப் பேனாப் பட்டியலைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இன்னொன்று. டிராயிங் பல அடுக்குகளாக இருக்கும். அடுக்குகளின் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு குட்டி பல்பும் ஒரு குட்டி பிரிண்டர் படமும் உண்டு. ஒன்றில் மட்டும் பல்பை அணைத்து, பிரிண்டர் மேல் குறுக்குக் கோடும் போட்டிருக்கிறேன். அது திரையிலும் தெரியாது, தாளிலும் வராது. என் கிறுக்கல்கள். அதைத் தொடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்


கடை,
ஜனவரி 26

அன்பு மகளுக்கு,

டிராயிங் வந்தது. அடேயப்பா, என்ன ஒரு வீடு. உன் உடம்பில் என் ரத்தம் ஓடுகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். எட்டாவதோடு என் படிப்பு நின்றிருக்காவிட்டால் நானும் இப்படித்தான் வரைந்திருப்பேன்.

பேனாப் பட்டியல் என்று நீ அனுப்பியதையும் பார்த்தேன். ஆனால் மகளே, என்னிடம் சொந்தப் பேனாக் கணக்கு ஒன்று இருக்கிறது. நாற்பது கஸ்டமர், நாற்பது பேரும் அதில்தான் வாங்கிப்போகிறார்கள். அதுவும் இல்லாமல், அண்ணன் பொண்ணு முதல் முதலாக வரைந்த வீடு, அதைப் போய்க் கறுப்பில் போடுவதா. கலரிலேயே போட்டேன்.

திரையில் ஜொலித்தது. தாளில் வந்ததும் கொஞ்சம் கலவரம். சுவரும் தண்ணீர்க் குழாயும் அளவுக் கோடும் எல்லாம் ஒரே தடிமன். அது போகட்டும். உன் மஞ்சள் இருக்கிறதே, கறுப்புத் திரையில் வெயில் மாதிரி அடித்தது, வெள்ளைத் தாளில் இருக்கிற இடம் தெரியவில்லை. உன் அப்பா தாளை இரண்டு கையாலும் பிடித்துப் பத்து நிமிஷம் பார்த்தார்.

"நல்ல வீடு. சிறைச்சாலைக்குக்கூட ஒரு கதவு உண்டு. இதுக்கு ஒண்ணையும் காணோம்."

"இருக்கு அண்ணே, மஞ்சளா இருக்கு. வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க."

"இருக்கிற வெளிச்சம் போதும். உள்ளே எப்படிடா போறது? சுவர் ஏறிக் குதிக்கிறதா? உங்க அண்ணிக்கு ஏணி வாங்கிக் குடுத்துடலாமா?"

கடையில் நின்ற நில அளவைக்காரர் வேறு சிரித்துவிட்டார். அண்ணனுக்குக் கோபம் வரவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. தாளை மடித்து மேஜையில் வைத்துவிட்டு, "நான் சொன்னேன்ல, தலைக்குள்ள இருக்கிறதே நல்லது" என்று போய்விட்டார்.

நீ கவலைப்படாதே. நான் அவரைச் சரிக்கட்டிவிடுவேன். நீ மஞ்சளை மட்டும் வேறு நிறமாக மாற்றி அனுப்பு. இந்த மஞ்சள் நிறமே ராசியில்லை.

இப்படிக்கு,
உன் சித்தப்பா


பிப்ரவரி 3

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அப்புறம் கொஞ்சம் அழுதேன். அப்புறம் மறுபடி ஏணியை நினைத்துச் சிரித்தேன். இப்போது தெளிவாக இருக்கிறேன்.

மஞ்சளை மாற்ற மாட்டேன். மஞ்சள் மேல் ஒரு குற்றமும் இல்லை. பட்டியலைத் தேர்ந்தெடுத்தால் மஞ்சள் கறுப்பாக வரும், நடுத்தரத் தடிமனில் வரும், கதவு திறந்துகொண்டு நிற்கும். உங்கள் நாற்பது கஸ்டமர்களின் கணக்கு அவர்களுக்கு. இது என் வீடு, என் பட்டியலில் போடுங்கள். எந்தப் பட்டனை எப்போது அழுத்த வேண்டும் என்று பின்பக்கம் படம் போட்டிருக்கிறேன். அதை அப்படியே திரையின் ஓரத்தில் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரியாததில்லை, மாப்பிள்ளைக்குத் தெரியட்டும் என்றுதான்.

நேற்று அப்பாவிடம் பேசினேன். "சாப்பிட்டியா" என்றார். "ஆச்சு" என்றேன். அடுத்தது கதவைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். "சரி, வை" என்றார்.

மார்ச் பத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது சித்தப்பா.

அன்புடன்,
உங்கள் மகள்


கடை,
பிப்ரவரி 12

அன்பு மகளுக்கு,

நீ போட்ட படத்தை ஒட்டிவைத்தேன், மாப்பிள்ளைக்காக. சும்மா சொல்லக்கூடாது, பிரிண்ட் வெளியே வந்ததும் கடையே கூடி எட்டிப் பார்த்தது. சுவரெல்லாம் கறுகறுவென்று தூண் மாதிரி நிற்கிறது. அளவுகள் முடி மாதிரி மெல்லிசாக. கதவுகள் ஒவ்வொன்றும் கால் வட்டம் போட்டுத் திறந்து நிற்கின்றன. நூறு கஸ்டமர் பார்த்த கடை இது, இப்படி ஒரு பிரிண்டை யாரும் பார்த்ததில்லை. அண்ணன் கதவுகளை விரலால் எண்ணினார். பன்னிரண்டு. "ம்" என்றார். அவர் வாயிலிருந்து "ம்" வருவது மற்றவர் மாலை போடுவதற்குச் சமம்.

அதன்பிறகு நடந்ததில் என் தப்பு ஒன்றும் இல்லை.

உனக்குத்தான் தெரியுமே, அவர் எழுதியிருக்கிற அளவைப் படிக்க மாட்டார். சட்டைப் பையில் இருக்கும் அந்த இரும்பு ஸ்கேலை எடுத்துத் தாளில் வைத்து அளப்பார். கால் அங்குலம் என்றால் ஓரடி. அளந்து மனசில் ஏற்றிக்கொண்டு நேராக மனைக்குப் போய்ச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுவிட்டார். உன் அம்மாவையும் கூட்டிப்போயிருந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

அண்ணி சமையலறைக் கோட்டுக்குள் நின்று இரண்டு கையையும் நீட்டினார். ஒரு கை இந்தக் கோட்டுக்கு வெளியே போகப் பார்த்தது, இன்னொரு கை அந்தக் கோட்டைத் தாண்டப் பார்த்தது. "ஏங்க, இதுல நான் நிக்கணுமா, அடுப்பு நிக்கணுமா, ஒண்ணு சொல்லுங்க" என்றார்.

"உன் பொண்ணு போட்ட அளவு. எட்டடி."

"பன்னிரண்டுன்னு எழுதியிருக்கு அண்ணே" என்றேன்.

"எழுத்துல என்ன வேணா எழுதலாம்டா. கோடு எட்டுன்னு சொல்லுது. எழுதினது ஒண்ணு, வரைஞ்சது ஒண்ணா இருக்கிற பிளானை நான் எதை நம்பிக் கட்டறது?"

எப்படி இப்படி ஆனதென்று மூளையைக் கசக்கிப் பார்த்துவிட்டேன். மூன்றடி ரோல் தீர்ந்துபோய் இரண்டடி ரோல்தான் இருந்தது. ஓரம் வெட்டுப்படக் கூடாதே என்று 'ஃபிட் டு பேப்பர்', அதாவது தாளுக்குள் அடக்கு என்ற கட்டத்தில் டிக் போட்டேன். தாளுக்குள் அம்சமாக உட்கார்ந்தது. வேறொன்றும் நான் செய்யவில்லை.

ஆனாலும் ஒரு யோசனை சொல்கிறேன், கேள். சமையலறைக்குப் போதவில்லை என்றால் இடமா இல்லை. பின்பக்கம் ஸ்டோர் ரூம் என்று ஒன்று போட்டிருக்கிறாய். வாடகை வீட்டிலிருந்து வருகிற குடும்பத்தில் மொத்தம் நாலு மூட்டை சாமான். அதற்கு எதற்கு அவ்வளவு பெரிய அறை? ஸ்டோர் ரூமுக்கு எதற்கு ஜன்னல்? ஒன்றில்லை, இரண்டு ஜன்னல். பக்கத்தில் ஒரு குளியலறை வேறு. மூட்டையா குளிக்கப்போகிறது? அதை அடித்துவிட்டு அந்த இடத்தை அண்ணிக்குக் கொடுத்துவிடு. அண்ணனிடமும் சொன்னேன். "மொத்தப் பிளானையும் அடிக்கலாமான்னு பார்த்துட்டிருக்கேன்" என்றார். தமாஷுக்குத்தான் சொல்லியிருப்பார்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா


பிப்ரவரி 19

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

அந்த டிக்தான் காரணம். மூன்றடித் தாளுக்கு வரைந்ததை இரண்டடித் தாளுக்குள் அடைத்தால் வீடு மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கும். பன்னிரண்டு அடி எட்டடியாகும். அப்பாவின் ஸ்கேல் பொய் சொல்லவில்லை, என் எழுத்தும் பொய் சொல்லவில்லை. உங்கள் தாள்தான் சின்னதாகிவிட்டது.

டிக்கை எடுத்துவிடுங்கள். கீழே அளவு கேட்கும் கட்டத்தில் கால் அங்குலம் ஓரடி என்பதைத் தேர்ந்தெடுங்கள். மூன்றடி ரோல் வரும்வரை பிரிண்டே போடாதீர்கள். தாளின் மூலையில் ஒரு குட்டி அளவுகோல் வரைந்திருக்கிறேன். அப்பாவிடம் காட்டும் முன் நீங்களே ஒரு ஸ்கேலை அதன் மேல் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால்தான் தாள் கடையை விட்டு வெளியே போகலாம்.

ஸ்டோரைத் தொடவே கூடாது. ஒரு ஜன்னலைக்கூடக் குறைக்கக் கூடாது. நம் வீட்டில் பழைய சாமான் ஒன்று இருக்கிறது. பெரிய சத்தம் போடும், ஆனால் வெளியே விட்டுவைக்க மனசு வரவில்லை. அதற்குக் காற்று வேண்டும்.

இது மூன்றாவது தடவை சித்தப்பா. நாலாவது தடவைக்கு அப்பா கடைக்கு வர மாட்டார். எனக்கு அவரைத் தெரியும்.

அன்புடன்,
உங்கள் மகள்


கடை,
மார்ச் 2

அன்பு மகளுக்கு,

முதலில் நீ உட்கார்ந்துகொள். தண்ணீர் குடி. இப்போது படி.

மூன்றடி ரோல் வந்தது. டிக்கை எடுத்தேன், அளவைப் போட்டேன், பேனாப் பட்டியலைப் போட்டேன். எல்லாம் தயார். பொத்தானை அழுத்த விரலைத் தூக்கும்போது உன் அப்பா உள்ளே வந்தார். ஸ்டூலில் உட்காரவில்லை.

"டேய், மொத தடவை கதவைக் காணோம். ரெண்டாவது தடவை நாலடியைக் காணோம். இந்தத் தடவை எதை ஒளிச்சு வெச்சிருக்கே?"

"அண்ணே, என் கடையில ஒளிவு மறைவு கிடையாது."

"அப்ப அவ வரைஞ்சது அத்தனையும் இதுல வருமா?"

"ஒரு கோடு விடாம வரும். என் மேல சத்தியம்."

சத்தியம் செய்துவிட்டுப் பார்க்கிறேன், அடுக்குப் பட்டியலில் ஒரு பல்பு அணைந்து கிடக்கிறது. பிரிண்டர் மேல் குறுக்குக் கோடு. தொடாதே என்று நீ எழுதியது ஞாபகம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் அண்ணன் தலையில் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்திருக்கிறேன். எது பெரியது, நீயே சொல். பல்பைப் போட்டேன். குறுக்குக் கோட்டை எடுத்தேன். பொத்தானை அழுத்தினேன். இதை நான் யோசித்துத்தான் செய்தேன் என்று ஊரில் சொல்லியிருக்கிறேன், நீயும் அப்படியே சொல்.

மாப்பிள்ளை இழுத்து இழுத்து ஒரு விரல்கடை, ஒரு விரல்கடையாகத் தாளை வெளியே தள்ளினான். நான் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, என் கடைப் பிரிண்டை வைத்து ஒரு பாலமே கட்டிய கதையை நில அளவைக்காரருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணன் மெஷின் வாயருகே குனிந்து நின்றார். பாலத்தில் பாதி தூரம் போயிருப்பேன்.

"எனக்கு முழங்கால் வலின்னு யாருடா சொன்னா?"

திரும்பினேன். தெருப்பக்கம் மேலே இருப்பதால் வாசல்தான் முதலில் வந்திருந்தது. அதன் பக்கத்தில் மெல்லிய பேனாவில் பொடி எழுத்து. 'அப்பாவுக்கு இடது முழங்கால். யாரிடமும் சொல்ல மாட்டார். படி ஐந்து அங்குலத்துக்கு மேல் வேண்டாம். கைப்பிடி வைத்தால் கோபம் வரும். கை ஊன்றும் உயரத்துக்கு ஒரு குட்டைச் சுவர், பூந்தொட்டி வைக்க என்று சொல்லிக்கொள்ளலாம்.'

"நான் சொல்லலை அண்ணே. எனக்கே தெரியாது."

"எனக்கு ஒரு வலியும் இல்லை" என்றார். அவர் இடது கை தானாகப் போய் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அடுத்தது சமையலறை. 'அம்மா முப்பது வருஷம் சுவரைப் பார்த்துக்கொண்டு பாத்திரம் கழுவினாள். இனிமேல் தெருவைப் பார்த்துக் கழுவட்டும்.' அண்ணன் ஸ்கேலை எடுத்து வைத்துப் பார்த்தார். மூன்று அங்குலம், பன்னிரண்டு அடி. ஸ்கேல் பைக்குள் போய்விட்டது, அதன்பிறகு வெளியே வரவே இல்லை.

அப்புறம் படிக்கட்டு வந்தது மகளே. நான் நகர்ந்து நின்றுகொண்டேன். 'கீழ்ப்படி மட்டும் இரண்டு அங்குலம் கூடுதல். தரைக்குக் கல் பதித்ததும் அந்த இரண்டு அங்குலம் உள்ளே போய் எல்லாப் படியும் சமமாகும். அப்பா அன்றைக்குச் செய்தது சரி. ஆபீசில் ஆறு மாதம் கழித்துத்தான் எனக்கு இது தெரிந்தது. எட்டு பேர் முன்னால் தப்பு என்று சொன்னேன். எட்டு பேர் முன்னால் திருத்திச் சொல்ல வேண்டும். எப்படி என்று தெரியவில்லை.'

அண்ணன் அதை இரண்டு தடவை படித்தார். மூன்றாவது தடவை விரலை வைத்துப் படித்தார், மை காயவில்லை, விரலில் ஒட்டியது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். மெஷின் பக்கத்துத் தூசி என்றார். என் கடையில் தூசி கிடையாது, இருந்தாலும் ஆமாம் என்றேன்.

கடைசியில் பின்பக்கம் வந்தது. இதை அண்ணன் சத்தமாகவே படித்தார், நில அளவைக்காரர் கேட்கும்படி. 'ஸ்டோர் என்று எழுதியிருக்கிறேன். இது சித்தப்பா அறை. இப்போதே சொன்னால் மெஷின் பக்கத்துக் கட்டிலே போதும் என்பார், அதனால் கட்டி முடிக்கும்வரை சொல்லக்கூடாது. இரண்டு ஜன்னல். மை வாசனையிலேயே தூங்கியவர், காற்று வேண்டும். சத்தமாகப் பேசுவார், ஆகவே அப்பா அறைக்கும் இதற்கும் நடுவில் ஒன்பது அங்குலச் சுவர். உயரம் ஆறடி என்பார், ஐந்தேமுக்கால்தான். எதற்கும் கட்டிலின் நீளத்தை அவர் சொன்ன உயரத்துக்கே வைக்கலாம்.'

"இதையாடா அடிக்கச் சொன்னே?" என்றார் அண்ணன்.

பாலத்துக்கு அப்புறம் என்ன ஆச்சு என்று நில அளவைக்காரர் கேட்டார். எனக்கு ஞாபகம் வரவில்லை.

அண்ணன் தாளைச் சுருட்டினார். "இன்னும் ரெண்டு பிரிண்ட் போடு. வேலையாளுங்களுக்கு எழுத்து இல்லாம. எனக்கு எழுத்தோட, சின்னதா, பைக்குள்ள வைக்கிற மாதிரி."

"எல்லாருக்கும் எழுத்தோடயே போடலாமே அண்ணே. அவங்களும் படிக்கட்டும், எட்டு பேரும்."

"எம் பொண்ணு தப்பு பண்ணினதை அவனுங்க எதுக்குடா படிக்கணும்?"

பல்பை அணைத்து ஒன்று போட்டேன். பல்பை ஏற்றி ஒன்று போட்டேன். அந்த இரண்டாவதுக்கு நீ திட்டிய அதே டிக்கைப் போட்டுச் சுருக்கினேன். இந்தத் தடவை அது தப்பில்லை.

இந்த ஓரத்தில் இன்னும் ஒன்றரை அடி மிச்சம் இருக்கிறது. ஆனாலும் இத்தோடு நிறுத்துகிறேன்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா


மார்ச் 11

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே அப்பா போன் செய்துவிட்டார். நான் ஆபீஸ் மாடிப்படியில் நின்று பேசினேன்.

"மாடிக்குப் பதினேழு படியா, பதினெட்டா?" என்றார். சாப்பிட்டியா என்று கேட்கவே இல்லை.

"பதினெட்டுப்பா."

"பதினேழு போதும். திரும்பற இடத்துல தலை இடிக்கும்."

"இடிக்காது. ஏழடி விட்டிருக்கேன். அளந்து பாருங்க."

"அளந்துட்டேன். நீ என்ன சொல்றேன்னு பார்த்தேன்."

நாற்பது நிமிஷம் பேசினோம் சித்தப்பா. மண்ணைப் பற்றி, கம்பியைப் பற்றி, மழை எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கும் என்பதைப் பற்றி. இரண்டு இடத்தில் என்னைத் திட்டினார். இரண்டும் சரியான திட்டு. கடைசியில் "கூரை போடறப்ப லீவு கிடைக்குமா?" என்றார். முழங்காலைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை, அவரும் திறக்கவில்லை. வைக்கும் முன் மட்டும், "வாசல்ல பூந்தொட்டி வைக்கிறேன். எத்தனை?" என்றார். நாலு என்றேன். பக்கத்து மேஜைக்காரி வந்து பார்த்தபோது நான் படியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தேன். மறுநாள் உங்கள் கடிதம் வந்ததும் அவளுக்குக் காட்டினேன். முழுவதையும் நின்றுகொண்டே படித்தாள்.

நேற்று அஸ்திவாரம் என்று அம்மா சொன்னாள். சமையலறைக் கோட்டுக்குள் நின்று கையை நீட்டினாளாம், எந்தக் கோடும் எட்டவில்லையாம்.

எல்லாம் எழுதினீர்கள். அந்த அறைக்குக் குடிவருவேன் என்று மட்டும் எழுதவில்லை. தொடாதே என்றதைத் தொட்டதற்குத் தண்டனையாகக் கேட்கிறேன். வருவீர்கள்தானே?

அன்புடன்,
உங்கள் மகள்


ஸ்டோர்,
செப்டம்பர் 14

அன்பு மகளுக்கு,

முகவரியைப் பார்த்தாயா. கதவில் பலகை மாட்டலாம் என்றேன், அண்ணன் ஸ்டோர் என்றே எழுதி மாட்டிவிட்டார். தபால்காரர் உட்பட எல்லோரும் ஸ்டோர் எங்கே, ஸ்டோர் என்ன செய்கிறது என்றுதான் கேட்கிறார்கள். பெயர் ஊரெல்லாம் பரவிவிட்டது, அரசாங்கத்துக்கே தெரியும் போலிருக்கிறது.

நீ வந்துபோய் மூன்று வாரம் ஆகிறது. படிக்கட்டில் நின்று எட்டு பேரையும் கூப்பிட்டு, "அன்னைக்கு எங்க அப்பா செஞ்சது சரி, நான் சொன்னதுதான் தப்பு" என்று நீ சொன்னதை நான் இதுவரை ஐம்பது பேரிடம் சொல்லியிருக்கிறேன். நான் சொல்லும்போது வேலையாட்கள் எண்பது பேர் ஆகிவிடுகிறார்கள், கண்டுகொள்ளாதே. அண்ணன் அன்றைக்கு "சரி சரி, எல்லாரும் வேலையைப் பாருங்க" என்று விரட்டிவிட்டுப் பின்பக்கம் போனாரே, அங்கேதான் என் ஜன்னல் இருக்கிறது. அவர் எதற்குப் போனார் என்று எனக்குத் தெரியும். தூசி.

அந்தச் சின்னப் பிரிண்ட் இன்னும் அவர் பையில்தான் இருக்கிறது, ஸ்கேலுக்குப் பின்னால். மடிப்பில் கிழிந்துவிட்டது, வேறு போட்டுத் தருகிறேன் என்றேன். இதே போதும் என்றார். வாசலில் நாலு தொட்டி வந்துவிட்டது. அவர் ஏறும்போது தொட்டிகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்வது மாதிரி கையை ஊன்றிக்கொண்டே ஏறுகிறார். நாங்கள் யாரும் பார்ப்பதில்லை. உன் அம்மா பாத்திரம் கழுவுவதற்கு முன்பெல்லாம் கால் மணி நேரம் ஆகும், இப்போது ஒரு மணி நேரம் ஆகிறது. தெருவில் யார் வீட்டில் என்ன என்று எல்லாம் அண்ணிக்கு அத்துப்படி.

ஒன்பது அங்குலச் சுவர் போதவில்லை என்று அண்ணன் சொல்கிறார். நான் பேசுவது கேட்கிறதாம். அவர் பதில் சொல்வதும் எனக்குக் கேட்கிறது. விளக்கை அணைத்த பிறகும் சுவர் வழியாகவே பேசிக்கொண்டிருக்கிறோம்.

கடைசியாக ஒன்று. நேற்று கட்டிலில் படுத்தால் கால் பக்கம் நிறைய இடம் மிச்சம் இருந்தது. தச்சர் அளவை மாற்றிப் போட்டுவிட்டார் என்று அண்ணனிடம் புகார் சொன்னேன். அவர் டேப்பை எடுத்து என்னைச் சுவரோரம் நிறுத்தி அளந்தார். நீ ஐந்தேமுக்கால் என்று எழுதியிருந்தாய். அதுவே கொஞ்சம் தாராளம். ஐந்தடி ஏழரை அங்குலம்.

இந்த ஒரு வரியை மட்டும் பல்பை அணைத்து, பிரிண்டர் மேல் குறுக்குக் கோடு போட்டு வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா